இறுதி விருப்பம் எழுத்தில் இருக்கட்டும்

இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை, துறைமுகத்திலும் ஆலைகளிலும் உழைத்து ஓய்ந்த ஒரு தலைமுறை இன்று ஒவ்வொருவராக விடைபெற்று வருகிறது. சுயமரியாதை இயக்கத்திலும் பொதுவுடைமைக் கட்சிகளிலும் தொழிற்சங்கங்களிலும் தம்மை ஒப்படைத்துக்கொண்டு, புரோகிதர் இன்றி மணம் முடித்து, பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டி வாழ்ந்தவர்கள் அவர்களுள் பலர். அவர்களின் மணம் கொள்கைப்படி நடந்தது. சாவு மட்டும் பெரும்பாலும் கொள்கைப்படி நடப்பதில்லை.

சாவு வீட்டில் நடப்பதை நாம் அறிவோம். குளிர்பெட்டியில் உடல் கிடத்தப்பட்டிருக்கும். தோழர்கள் போர்த்திய கொடி மார்பில் கிடக்கும். ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், சாத்திரம் செய்யாமல் தூக்கக்கூடாது என்பார். அழுது களைத்த மனைவிக்கோ, என்ன செய்வதென்று அறியாத மகனுக்கோ அதை மறுக்கும் வலு அவ்வேளையில் இராது. கொடி மடித்து வைக்கப்படும். வாய்க்கரிசி, நெய்ப்பந்தம், குடம் உடைத்தல், மொட்டை, பதினாறாம் நாள் காரியம் என ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் நடந்து முடியும். அறுபது ஆண்டு வாழ்ந்து காட்டிய கொள்கை ஆறு மணி நேரத்தில் தோற்றுப்போகிறது. இதற்கு உறவினரைக் குறை கூறிப் பயனில்லை. போனவர் எதையும் எழுதி வைக்கவில்லை.

சடங்கற்ற இறுதி நிகழ்வு இம்மண்ணுக்கு அயலானது அன்று. ஏழுகிணற்றில் குடியிருந்து, ஒற்றியூர்க் கோயிலுக்கு நாள்தோறும் நடந்த இராமலிங்க வள்ளலார், இறந்தவர்க்குக் கருமாதியும் திதியும் வேண்டாம் என்று தம் அன்பர்களுக்கு அறிவுறுத்தினார். உடலை எரிக்காமல் புதைக்கவே அவர் சொன்னார் என்பது உண்மை; அவர் இறைப்பற்றாளர் என்பதும் உண்மை. ஆயினும் துயரத்துக்குச் சடங்கு துணையாகாது என்ற துணிவு அவரிடமும் இருந்தது. 1973 டிசம்பர் 24இல் மறைந்த பெரியார், எவ்விதச் சமயச் சடங்கும் இன்றிப் பெரியார் திடலில் அடக்கம் செய்யப்பெற்றார். மூலக்கொத்தளம் மயானத்தில், 1939இல் இந்தி எதிர்ப்புப் போரில் சிறைப்பட்டு உயிர்நீத்த நடராசன், தாளமுத்து ஆகியோரின் நினைவிடங்கள் உள்ளன. அருகே மருத்துவர் தருமாம்பாளின் நினைவிடமும் உள்ளது. இன்றும் அங்கே ஊர் கூடி வீரவணக்கம் செலுத்துகிறது.

மணத்துக்குச் சட்டம் வந்தது. 1967இல் அண்ணா தலைமையிலான அரசு சுயமரியாதைத் திருமணங்களுக்கு ஏற்பு வழங்கியது. சடங்கற்ற சாவுக்குத் தனிச் சட்டம் தேவைப்படவில்லை. எந்தச் சட்டமும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் இறந்தவரின் சொல்லைக் காக்கும் உறுதியான சட்டமும் இல்லை. உடல் ஒருவரின் சொத்து அன்று. ஆகவே உயிலால் அதைப் பற்றி ஆணையிட இயலாது என்பது 1882ஆம் ஆண்டின் ஆங்கிலேயத் தீர்ப்பிலிருந்து வழிவழி வந்த நெறி. மேலும், உயில் பெரும்பாலும் எரியூட்டல் முடிந்த பின்னரே பிரிக்கப்படுகிறது. எனவே இறுதி விருப்பத்தை உயிலுக்குள் புதைத்து வைப்பது வீண்.

அண்டை மாநிலத்தில் நிகழ்ந்ததை இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். கேரளத்தின் மூத்த மார்க்சிய கம்யூனிஸ்ட் தலைவர் எம்.எம். லாரன்ஸ் 2024 செப்டம்பர் 21இல் மறைந்தார். தம் உடலை மருத்துவக் கல்விக்குத் தரவேண்டும் என்று அவர் வாய்மொழியாகச் சொன்னதாக மகன் கூறினார். கிறித்தவ முறைப்படி அடக்கம் செய்யவேண்டும் என்று மகள் வழக்குத் தொடுத்தார். கேரள உயர் நீதிமன்றம் உடற்கொடையை ஏற்றது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அம்முடிவில் தலையிட மறுத்தது. அவர் விருப்பம் நிறைவேறியது. ஆனால் அதற்குள் நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. ஒரு குடும்பம் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றது. இரு சாட்சிகளோடு ஒரு தாள் எழுதப்பட்டிருந்தால் இத்துயரம் பெரிதும் தவிர்ந்திருக்கும். பெயர் பெற்ற தலைவருக்கே இந்நிலை எனில், எண்ணூரில் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு தொழிலாளியின் சொல்லுக்கு யார் காவல்?

அத்தாளில் எழுத வேண்டியவை மிகுதியில்லை. எரியூட்டலா, உடற்கொடையா என்பதை முதலில் தெளிவாகச் சொல்ல வேண்டும். உடற்கொடை எனில், அருகிலேயே உள்ள ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையில் உயிரோடிருக்கும்போதே படிவம் பெற்று ஒப்பமிடுக. விபத்திலோ தொற்றுநோயிலோ இறந்தாலும், பிணப் பரிசோதனை நடந்தாலும் கல்லூரி பெரும்பாலும் உடலை ஏற்காது. ஆகவே எரியூட்டலை மாற்று விருப்பமாக எழுதுக. கண்களைச் சில மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். எனவே கண் வங்கியின் எண்ணும் அத்தாளில் இருக்க வேண்டும். எரியூட்டல் எனில், எந்த மயானம், யார் தீ மூட்டுவது என்பதைக் குறிப்பிடுக. மகளோ மனைவியோ மூட்டலாம். பெண்கள் பாடை சுமப்பதும் தீ மூட்டுவதும் இவ்வியக்க வழி வந்த வீடுகளில் புதியன அல்ல. மாநகராட்சி மயானங்களில் எரியூட்டக் கட்டணம் இல்லை என்பதையும் வீட்டார் அறிந்திருக்க வேண்டும். இறப்பை 21 நாள்களுக்குள் பதிவு செய்வதும் மறக்கலாகாது.

அதன் பின்னரே நினைவேந்தல். படத்திறப்பை எந்த மன்றத்தில் நடத்துவது, யார் தலைமை ஏற்பது, எந்தப் படத்தைத் திறப்பது என்பவற்றைத் தாளை எழுதுபவரே முடிவு செய்து வைக்கலாம். வடசென்னையின் மரண கானா வேண்டுமா என்பதும் அவர் விருப்பத்தைப் பொறுத்தது. அது இம்மக்களின் சொந்தக் கலை, புரோகிதரின் சடங்கு அன்று. பறையிசைப்போரை அழைத்தால் உரிய ஊதியமும் மதிப்பும் தருக. சாதியின் பெயரால் ஒரு கூட்டத்தார் மீது சுமத்தப்பட்ட அவ்வேலையைக் கொள்கையாளன் வீடும் அவ்வாறே ஏவுமானால், புரோகிதரை விலக்கியதில் பொருளில்லை.

நம்பிக்கையுள்ள மனைவியின் மனத்தையும் நாம் மறவோம். தம் அறையில் விளக்கேற்றி வழிபட அவருக்கு முழு உரிமை உண்டு. அதைத் தடுப்பது பகுத்தறிவு ஆகாது. ஆனால் இறந்தவரின் உடலைக் கொண்டு எதையும் மெய்ப்பிக்கும் உரிமை அவருக்கும் இல்லை, கட்சிக்கும் இல்லை. எனவேதான் உயிரோடிருக்கும்போதே பேசிவிட வேண்டும் என்கிறோம். அப்பேச்சைத் தள்ளிப்போடும் கணவர், தம் கொள்கையின் சுமை முழுவதையும் துயருற்ற பெண்ணின் தலையில் ஏற்றிச் செல்கிறார்.

பணத்தையும் பேசியாக வேண்டும். காரியத்துக்கென வட்டிக்கு வாங்கி, ஆண்டுக்கணக்கில் அடைக்கும் வீடுகள் இப்பகுதியில் உண்டு. இறுதிச் செலவுக்கென ஒரு தொகையை ஒதுக்கி, அதற்கு மேல் ஒரு காசும் கடன் வாங்கக்கூடாது என்று தந்தையே எழுதி வைத்தால், ஊர்ப்பேச்சுக்கு அஞ்சும் மகனுக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை.

துறைமுகத்திலும் தொழிற்சாலைகளிலும் இயங்கும் சங்கங்களுக்கு ஒரு வேண்டுகோள். உறுப்பினரின் இறுதி விருப்பத்துக்கென ஒரு பதிவேடு தொடங்குங்கள். சாவுச் செய்தி வந்ததும், மலர்வளையத்துக்கு முன்னே அத்தாளோடு இருவர் அவ்வீட்டை அடைய வேண்டும். கொள்கையோடு வாழும் பெரியோர்க்கும் ஒன்று சொல்வோம்: இவ்வாரமே எழுதுங்கள், வீட்டாரிடம் படித்துக் காட்டுங்கள், இருவரைச் சாட்சிக் கையொப்பமிடச் செய்யுங்கள், ஒரு படியைப் பிள்ளைகளிடமும் மற்றொன்றைச் சங்கத்திலும் கொடுத்து வையுங்கள்.