வீடு தேடிப் போகும் பட்டறை: பிள்ளை முதல் கேட்டால் என்ன சொல்வீர்கள்?



நம்மவர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் இப்போது தவறாமல் அடிபடும் பேச்சு ஒன்று உண்டு. "பையன் கடையில் உட்கார மாட்டேன் என்கிறான், அண்ணாச்சி!" என்பதுதான் அது. படித்த பிள்ளைக்குப் பருப்பு நிறுக்கப் பிடிக்கவில்லை. சொந்தமாகத் தொழில் செய்கிறேன், முதல் கொடுங்கள் என்கிறான். என்ன தொழில் என்று கேட்டால், நாம் கேள்விப்படாத ஒன்றைச் சொல்கிறான். என் அண்ணன் மகன் சொன்னது, ஒரு வேனில் கம்ப்ரஸரும் பெயிண்ட் டப்பாவும் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கார்களின் ஒடுக்கு எடுத்து, கீறலுக்குப் பெயிண்ட் அடித்துக் கொடுக்கும் தொழில்.

இது நல்ல தொழிலா, கெட்ட தொழிலா? என் அனுபவத்தில் கண்டதைச் சொல்கிறேன். இதில் என் கைமுதல் போயிருக்கிறது, என் பெயரும் ஒருமுறை கெட்டிருக்கிறது. அதனால் இதைப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

நான் செய்த தவறு

அண்ணன் மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன். ஒரு கார் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் டிங்கரிங், பெயிண்டிங் பிரிவில் இரண்டு வருடம் வேலை பார்த்தான். 2022 சித்திரையில் என்னிடம் வந்து, "சித்தப்பா, இரண்டரை லட்சம் வேண்டும், ஆடியில் திருப்பித் தந்துவிடுகிறேன்" என்றான். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. "டிப்ளமோ படித்துவிட்டுத் தெருவில் உட்கார்ந்து தகரம் தட்டப் போகிறாயா?" என்று கேட்டேன். பிறகு அண்ணன் முகத்துக்காகக் கொடுத்தேன். கொடுத்தது சேமிப்பில் இருந்து அல்ல. பருப்பு, எண்ணெய் கொள்முதலுக்குச் சுழலும் பணத்தில் இருந்து எடுத்துக் கொடுத்தேன்.

பழைய ஆம்னி வேன் ஒன்று வாங்கினான். கம்ப்ரஸர், ஸ்பிரே கன், பாலிஷ் மெஷின், ஒடுக்கு எடுக்கும் கம்பிகள் எல்லாம் வாங்கினான். முதல் இரண்டு மாதம் சின்னச் சின்ன வேலை நன்றாகவே நடந்தது. மூன்றாம் மாதம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒருவர் முழுக் காருக்கும் பெயிண்ட் அடிக்கச் சொன்னார். பெரிய தொகை. ஆசையில் ஒப்புக்கொண்டான். கார் நிறுத்தும் இடத்திலேயே துணி கட்டி அடித்தான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். ஈரப் பெயிண்டில் புழுதி ஒட்டாமல் இருக்குமா? கார் முழுவதும் மணல் தூவியதுபோல் ஆயிற்று. பறந்த பெயிண்ட் பக்கத்தில் நின்ற இரண்டு கார்களிலும் படிந்தது. அந்த இரண்டுக்கும் பாலிஷ் போட்டுக் கொடுத்து, இந்தக் காரை ஒரு பட்டறைக்குக் கொண்டுபோய் வாடகை கொடுத்து மறுபடி அடித்ததில், கையில் இருந்தது எல்லாம் கரைந்தது. ஆடியில் வர வேண்டிய பணம் வரவில்லை. பருப்பு மொத்த வியாபாரிக்கு நான் கொடுத்திருந்த காசோலை வங்கியில் இருந்து திரும்பி வந்தது. முப்பது வருட வியாபாரத்தில் அதுதான் முதல் தடவை. அதன் பிறகு ஒரு வருடம் அவர் எனக்கு ரொக்கத்துக்குத்தான் சரக்குப் போட்டார். அவர் மேல் குற்றம் இல்லை.

பையன் மேல் கோபப்பட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். முன்பின் தெரியாதவன் இரண்டாயிரம் ரூபாய்ச் சரக்குக் கடன் கேட்டாலும் பத்துக் கேள்வி கேட்கிறோம். சொந்தப் பிள்ளை இரண்டரை லட்சம் கேட்டபோது நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பாசத்தில் கொடுத்தேன், வியாபாரியாகக் கொடுக்கவில்லை. தவறு என்னுடையதுதான்.

இது நமக்குத் தெரிந்த தொழில்தான்

பிறகு பொறுமையாக விசாரித்தபோது ஒன்று புரிந்தது. இந்தத் தொழில் நமக்கு அந்நியமானது அல்ல. இதுவும் சில்லறை வியாபாரம்தான். முழு பாட்டில் ஷாம்பு வாங்க முடியாதவருக்குச் சிறு பாக்கெட்டில் கொடுக்கலாம் என்று கண்டவர் கடலூர் சின்னி கிருஷ்ணன். அந்தப் பாக்கெட் நம் கடைகளில் சரம் சரமாகத் தொங்கி நமக்கும் சோறு போட்டது. பெரிய பட்டறைக்குப் போகத் தேவையில்லாத சின்ன வேலையைச் சின்ன விலைக்கு வாசலிலேயே செய்து கொடுப்பதும் அதே வழிதான்.

கார்க்காரர் இன்சூரன்சில் வாங்கிக்கொள்ள மாட்டாரா என்று கேட்கலாம். கணக்கைப் பாருங்கள். 1500 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு ஒவ்வொரு கிளெய்மிலும் முதல் 1000 ரூபாயை உரிமையாளரே ஏற்க வேண்டும். அதற்கு மேற்பட்ட காருக்கு 2000 ரூபாய். சாதாரணப் பாலிசியில் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகத்தை மாற்றினால் அதன் விலையில் 50 சதவீதத்தைத் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கிளெய்ம் வாங்காத வருடங்களுக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஏறும் தள்ளுபடி உண்டு. அதற்குத் தனிப் பாதுகாப்பு எடுத்திராதவர் ஒரே ஒரு கீறலுக்காகக் கிளெய்ம் போட்டால், அடுத்த புதுப்பித்தலில் அந்தத் தள்ளுபடி முழுவதும் போய்விடும். ஆகவே, சிறிய சேதத்தைக் கைக்காசு கொடுத்துச் சரிசெய்வதே பலருக்கு லாபம். இந்தத் தொழில் நிற்பது அந்த இடைவெளியில்தான்.

எதைச் செய்ய வேண்டும், எதை மறுக்க வேண்டும்

கீறலின் மேல் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஈரத்தில் கீறல் மறைந்தால் அது பெரும்பாலும் மேலே உள்ள கிளியர் கோட்டோடு நின்றிருக்கும். காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தாலே போதும், பெயிண்ட் தேவையில்லை. விரல் நகம் மாட்டினால் கீறல் ஆழமானது. பெயிண்ட் உடையாத சிறு ஒடுக்கை உள்பக்கத்தில் இருந்து கம்பி கொடுத்து நெம்பியே எடுத்துவிடலாம். பட்டியும் வேண்டாம், பெயிண்டும் வேண்டாம். இவையெல்லாம் வாசலில் வைத்துச் செய்யக்கூடிய வேலைகள். பம்பர் மூலையில் ஏற்பட்ட உரசலையும் காற்றில்லாத, மறைப்பான இடம் கிடைத்தால் செய்யலாம்.

கூரை, பானெட் போன்ற பெரிய பரப்பும் முழுக் கார் பெயிண்டும் புழுதி வராத அறையில் செய்ய வேண்டியவை. விபத்தில் சட்டமே வளைந்த காரைத் தொடவே கூடாது. அது உயிர் சம்பந்தப்பட்டது. புதிய கார்கள் சிலவற்றில் பம்பருக்குப் பின்னால் ரேடார் இருக்கிறது. அந்த இடத்தில் பட்டியும் பெயிண்டும் கனமாக ஏறினால் ரேடார் சரியாகப் பார்க்காமல் போகலாம். அந்த வேலையையும் கம்பெனிக்கே அனுப்பிவிட வேண்டும்.

நிறம் சேர்ப்பது தனி வித்தை. கார்க் கம்பெனி கொடுத்த நிற எண்ணைப் பார்த்துக் கலந்தாலும், நம் ஊர் வெயிலில் பத்து வருடம் நின்ற கார் அந்த நிறத்திலா இருக்கும்? வெள்ளி நிற மெட்டாலிக் பெயிண்டில் சிறு வித்தியாசமும் பளிச்சென்று தெரியும். ஒரே நாளில் இது கைவராது. ஐ.டி.ஐ. படிப்புகளில் கார் உடல் பழுதுக்கும் கார் பெயிண்டிங்குக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருக்கின்றன. அதோடு, பழைய டிங்கரிங் மேஸ்திரி ஒருவரிடம் கை பழகியவனுக்கே முதல் கொடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். கடினப்படுத்தி கலந்து அடிக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. அது நுரையீரலில் சேர்ந்தால் ஆயுளுக்கும் ஆஸ்துமா வரக்கூடும். மூக்கில் கட்டும் கைக்குட்டையும் காகித முகமூடியும் அதைத் தடுக்காது. சுத்தமான காற்றைக் குழாய் வழியாகக் கொடுக்கும் முகமூடிதான் சரியான பாதுகாப்பு. பிள்ளையின் பட்டியலில் ஸ்பிரே கன் இருந்து முகமூடி இல்லை என்றால், பட்டியலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கடைக் கணக்கில் கலக்காதீர்கள்

நமக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட விஷயம் இதுதான். "கடை பெயரிலேயே பில் போட்டுக்கொள்ளலாம்" என்று பிள்ளைகள் சுலபமாகச் சொல்வார்கள். கேட்காதீர்கள். ஜி.எஸ்.டி.யில் விற்றுமுதலைப் பான் எண்ணை வைத்துத்தான் கூட்டுகிறார்கள். பொருள் மட்டும் விற்பவருக்குத் தமிழ்நாட்டில் 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. அதே பான் எண்ணில் பழுதுபார்க்கும் சேவையும் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 20 லட்சமாகக் குறைந்துவிடும். காம்போசிஷனில் இருப்பவருக்கு, சேவை வருமானம் விற்றுமுதலில் 10 சதவீதம் அல்லது 5 லட்சம், இதில் எது அதிகமோ அதற்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் காம்போசிஷன் சலுகையே போய்விடும். ஒரு வேனுக்காக மொத்தக் கடைக்கும் முழு வரிக் கணக்கு எழுத வேண்டிவரும். ஆகவே, பிள்ளையின் பெயரில், பிள்ளையின் பான் எண்ணில், தனி வங்கிக் கணக்கில் தொழிலைத் தொடங்குங்கள். உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலையும் கடையில் இருந்து எடுக்க வேண்டியதில்லை. 2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிஷோர் பிரிவில் 5 லட்சம் வரையும் ஈடு இல்லாமல் வங்கிக் கடன் கேட்கலாம். உத்யம் பதிவு இலவசம், அதற்குத் தரகர் கேட்கும் பணத்தைக் கொடுக்காதீர்கள். வங்கிக்காரர் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தயாரிக்கும்போதே பையனுக்குத் தொழில் பாதி புரிந்துவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பெயிண்ட் வேலை படுத்துவிடும். காற்றில் ஈரம், கம்ப்ரஸர் குழாயிலும் ஈரம். அந்த இரண்டு மாதத் தவணைக்கான பணத்தைக் கோடையிலேயே ஒதுக்கி வைக்கத் தெரிந்தவனுக்குத்தான் இந்தத் தொழில் நிலைக்கும்.

இப்போது

அண்ணன் மகன் தொழிலை விடவில்லை. வேனின் பக்கவாட்டில், "சிறிய வேலை மட்டும். முழுப் பெயிண்டிங் செய்வதில்லை" என்று எழுதி வைத்திருக்கிறான். கதவு, பானெட் என்று வந்தால் ஒரு பட்டறையின் பெயிண்ட் அறையை வாடகைக்கு எடுத்துச் செய்கிறான். தண்ணீர் விட்டுப் பார்த்து, "ஐயா, இதற்குப் பெயிண்ட் வேண்டாம், பாலிஷ் போதும்" என்று சொல்லி, வந்த பணத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டு போகிறான். அப்படிச் சொன்ன வீட்டில் இருந்துதான் அடுத்த வீட்டு வேலை வருகிறது. என் பணம் முழுவதும் இன்னும் வந்தபாடில்லை. ஆனால், மாதம் தவறாமல் தவணை வருகிறது. அதைப் பேரேட்டில் தனிப் பக்கத்தில் எழுதி வைக்கிறேன். இந்த முறை பாசத்தில் தள்ளுபடி கிடையாது.

நம் சங்கத்தாருக்கு ஒரு வேண்டுகோள். நம் ஒவ்வொருவரிடமும் ஒரு டெலிவரி வண்டி இருக்கிறது. அதில் ஒரு கீறலாவது, ஒடுக்காவது இல்லாத வண்டி எது? நம் பிள்ளைகளில் ஒருவன் இந்தத் தொழிலுக்கு வந்தால், முதல் வேலையை நாமே கொடுப்போம். கூலியையும் அன்றைக்கே கொடுப்போம். "கடன் அன்பை முறிக்கும்" என்று கடையில் எழுதி மாட்டியிருப்பது வாடிக்கையாளருக்கு மட்டும் அல்ல, நமக்கும் சேர்த்துத்தான்.

கடையில் உட்கார மாட்டேன் என்ற பிள்ளை வியாபாரத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. வேறு சரக்கை எடுத்திருக்கிறான், அவ்வளவுதான். அவன் கேட்டால் மறுக்காதீர்கள், கேட்டவுடன் கொடுக்கவும் செய்யாதீர்கள். பத்துக் கேள்வி கேட்டுவிட்டுக் கொடுங்கள்.