காற்றில் வந்த தமிழ்

சினிமாப் பாட்டு கேட்பது கற்றோர்க்கு இழுக்கென்று எண்ணிய காலமொன்று இருந்தது. 1952-இல் பாரத ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் அதனை அகில இந்திய வானொலியிலிருந்து ஏறக்குறைய விலக்கியே விட்டார். விளைந்தது யாது? நேயர்கள் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பை நாடினர். 1957-இல் விவித பாரதி தோன்றியதே அவர்களை மீட்கத்தான்.

அந்த வர்த்தக ஒலிபரப்பில் தமிழகமெங்கும் பெயர்பெற்ற குரல் எஸ். பி. மயில்வாகனத்தினுடையது. இசைத்தட்டைச் சுழலவிடுவது பெரிதன்று. இரு பாட்டுகளுக்கிடையே கிடைக்கும் சில விநாடிகளில் படத்தையும் பாடியவரையும் பிழையறச் சொல்லி, அடுத்த பாட்டுக்குச் செவியைப் பதப்படுத்த வேண்டும். நாக்கு இடறினால் திருத்த வழியில்லை. ழகரத்தை மாணவர்க்குப் புகட்ட ஆண்டு முழுதும் பாடுபடும் எம்போன்றோர் அவருக்குக் கடன்பட்டவர்களே! மின்சாரம் எட்டாத எழுவைதீவு போன்ற ஊர்களில் பற்றரி வானொலியே அந்தத் தமிழைக் கொணர்ந்தது.

பாடியவர் குரல் இசைத்தட்டில் நிலைத்தது. இடையே பேசியவர் குரலோ பெரும்பாலும் நேரடியாக ஒலித்துக் காற்றோடு கலந்தது. எவர் வீட்டுப் பரணிலேனும் அக்கால ஒலிநாடா கிடக்குமாயின், தயைகூர்ந்து அதனை எறிந்துவிடாதீர்கள்.