தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையா?

கொழும்பு – கண்டி வீதியில் கடுகண்ணாவையைக் கடந்து, பேராதனையை அடையுமுன் வருவது பிலிமத்தலாவை. கடலாதெனிய, லங்காதிலக, எம்பெக்கே ஆகிய மூன்று பழைய ஆலயங்களையும் கால்நடையாகச் சுற்றிப் பார்க்க வருவோரும், அலகல்லை மலையில் ஏறி இறங்கியோரும் இவ்வூர்க் கடைகளில் தேநீர் அருந்திச் செல்வதுண்டு. விடுமுறைக்கு வரும் புலம்பெயர்ந்த நம்மவரும் அவர்களுள் அடங்குவர். திரும்பியபின் அவர்களிற் சிலர் சொல்லும் முறைப்பாடு: "தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, வயிற்றால் போகிறது."

இந்தச் சொற்றொடரில் எனக்கு உடன்பாடில்லை. ஊருக்கு ஊர் தண்ணீரின் குணம் மாறுவதாகவும், வந்தவரின் வயிறுதான் பலவீனமானதாகவும் அது பொருள் தருகிறது. உண்மை வேறு. பெரும்பாலான வயிற்றோட்டத்துக்குக் காரணம், ஒருவரின் மலத்திலிருந்த கிருமி இன்னொருவரின் வாயை அடைந்தமையே. அதற்கு வழியமைப்பவை நீர், உணவு, கை என்னும் மூன்றும். சொல்வதற்கு அருவருப்பாக இருப்பதால் தண்ணீர்மீது பழிபோட்டு நகர்ந்துவிடுகிறோம்.

ஒரு நாளில் மூன்று முறையோ அதற்கு மேலோ இளகியோ நீராகவோ மலம் போனால் அது வயிற்றோட்டம். மருத்துவர்கள் அதை மூவகையாகப் பிரிப்பர். திடீரென நீராகப் போவது முதல்வகை. வாந்திபேதி எனப்படும் கொலரா இதிற் கொடியது. இரத்தத்துடன் போவது வயிற்றுளைவு. சிகெல்லா என்ற பக்டீரியா இதன் முக்கிய காரணி. 14 நாட்களோ அதற்கு மேலோ நீடிப்பது மூன்றாம் வகை.

பயணிகளை அதிகம் தாக்குவது ஈ.கோலை பக்டீரியாவின் ஒருவகை. சமைத்து நெடுநேரம் ஆறவிட்ட உணவு, பச்சைக் காய்கறி, பனிக்கட்டி ஆகியவற்றின் மூலம் அது உடலுட் புகும். நோரோ வைரசுக்கு மதுசாரக் கைதிரவம் போதாது. சவர்க்காரமும் நீருமே வேண்டும். மலையேறுவோருக்கு இன்னோர் எதிரி உண்டு: ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி. பளிங்குபோல் ஓடும் ஓடையிலும் அது இருக்கக்கூடும். குடித்து ஓரிரு வாரங்கள் கழித்தே நோய் தெரிவதால், ஓடையை எவரும் நினைப்பதில்லை. நீரை நன்கு கொப்புளித்துக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் வைத்தால் போதும். 2,000 மீற்றருக்கு மேல் மூன்று நிமிடங்கள் தேவை. 2,243 மீற்றர் உயரமான சிவனொளிபாதமலை உச்சி அத்தகையது.

இம்மலைநாட்டுக்கு வழிநடந்தோர் வயிற்றுநோயால் வாடுவது புதிதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து வந்த நம் மக்கள், மன்னாரிலிருந்து காடுகளூடாக மாத்தளைவரை நடந்தார்கள். வாந்திபேதியும் வயிற்றுளைவும் வழியிலேயே பலரைக் கொன்றன. அவர்களுக்கும் தண்ணீர் "ஒத்துக்கொள்ளவில்லை" என்றா சொல்வது?

அவர்களின் சந்ததியினர் வாழும் தோட்டங்கள் பலவற்றில் இன்றும் குடிநீர் ஊற்றிலிருந்தும் ஓடையிலிருந்தும் பீலிக்கு வருகிறது. மேலே கூடாரமடித்த உல்லாசப் பயணி ஓடைக்கரையில் ஒதுங்கினால், கீழே லயத்துக் குழந்தை அதைக் குடிக்கிறது. பயணி மூன்று நாட்களில் தேறி விமானம் ஏறிவிடுவார். குழந்தையின் நிலை அப்படியன்று. உலகில் ஆண்டுதோறும் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு இலட்சத்துக்கும் அதிகமான குழந்தைகள் வயிற்றோட்டத்தால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது.

அவர்களைக் கொல்வது பெரும்பாலும் நீரிழப்பு. அதற்கு மருந்து மலிவானது. 1971இல் வங்காள அகதிகளிடையே கொலரா பரவியபோது, பொங்கான் முகாமில் மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழியே கொடுக்கச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு நான்குக்கும் கீழே இறங்கியது. நம் நாட்டில் 'ஜீவனி' என அறியப்படும் பொதியும் அவ்வகைக் கலவையே. ஒரு பொதி முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய நீரில் கரைத்து, 24 மணி நேரத்துக்குள் பருக வேண்டும். குழந்தைகளுக்கு நாகச்சத்தும் சேர்த்துக் கொடுக்கப்படும். இரத்தம், கடுங்காய்ச்சல், குழிவிழுந்த கண், சோர்ந்த மயக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வைத்தியசாலைக்குச் செல்வதே முறை. நீராகப் போகும் எல்லாவற்றுக்கும் மருந்துக்கடையில் அன்டிபயோட்டிக் கேட்பது முறையன்று.

பத்திரிகைத் தொழிலில் நான் கண்ட எழுதாத விதி ஒன்றுண்டு: மண்சரிவுக்கு முதற்பக்கம், வயிற்றோட்டத்துக்கு உட்பக்க மூலை. அந்த மூலையில்தான் கேட்கவேண்டிய கேள்வி கிடக்கிறது. மலையேற்றத்தை விளம்பரம் செய்து வருவாய் தேடுவோர், பாதையோரத்தில் கழிவறையும் தோட்டத்துப் பீலிக்குச் சுத்திகரித்த நீரும் தருவதற்கு ஏன் பொறுப்பேற்கக் கூடாது? அதுவரை மலையேறும் நண்பர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஓடையிலிருந்து 60 மீற்றராவது தள்ளிச் சென்று, ஒரு சாண் ஆழத்தில் குழிதோண்டி மூடிவிடுங்கள். கீழே ஒருவர் குடம் வைத்துக் காத்திருக்கிறார்.