ஓடுதுல்ல, அப்புறம் என்ன என்று இருந்துவிட்டோம்

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியிலும் ஆலங்குடி, அறந்தாங்கி கடைத்தெருக்களிலும் 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கம்ப்யூட்டர் பில் வந்தபோது அதற்கான ப்ரோக்ராமை எழுதிக் கொடுத்தவர்கள் நாங்கள். ஓராண்டு டிப்ளமோவும் ஒரு விஷுவல் பேசிக் 6 புத்தகமும்தான் எங்கள் மூலதனம். பலசரக்குக் கடை, கடலை மண்டி, கீரமங்கலம் பூ கமிஷன் கடை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ப்ரோக்ராம் எழுதினோம். பூக்கடைக் கணக்கு லேசானதல்ல. எடை, அன்றைய விலை, கமிஷன், விவசாயி முன்னமே வாங்கிய முன்பணம், எல்லாம் கழித்து மிஞ்சுவதைக் கையில் கொடுக்க வேண்டும். காலையில் மூட்டையோடு வந்து நிற்பவருக்கு டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் கரகரவென்று ஒரு சீட்டை அடித்து நீட்டும். அதில் தன் பெயரைத் தமிழில் பார்த்தவர்களின் முகம் இன்னும் நினைவில் இருக்கிறது. அந்த வேலையில் எங்களுக்குப் பெருமை உண்டு. அதற்குப் பிறகு செய்யாமல் விட்டதைத்தான் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது.

மைக்ரோசாஃப்ட் 2002-ல் டாட் நெட்டைக் கொண்டுவந்தது. அதிலும் விஷுவல் பேசிக் என்ற பெயர் இருந்தது. ஆனால் பழைய ப்ரோக்ராமை அப்படியே தூக்கி அதில் வைத்தால் ஓடாது. 2005 மார்ச் 31-ல் விஷுவல் பேசிக் 6-க்கான, அதாவது விபி 6-க்கான, முதன்மை ஆதரவை நிறுத்தினார்கள். அந்த நிறுவனமே பட்டம் கொடுத்துக் கௌரவித்திருந்த வல்லுநர்கள் நூறு பேருக்கு மேல் சேர்ந்து, பழைய மொழியைக் கைவிடாதீர்கள் என்று மனு கொடுத்தார்கள். நிறுவனம் இறங்கி வரவில்லை. 2008 ஏப்ரலோடு எழுதும் கருவிக்கான மீதி ஆதரவும் முடிந்தது. அதே நிறுவனத்தின் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதியவர்களுக்கும் இதே கதிதான். இனி அடுத்த பதிப்பு கிடையாது என்று 2007-ல் சொல்லிவிட்டார்கள்.

நம்பி வந்தவனை நட்டாற்றில் விட்டுவிட்டான் என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். அந்தக் கோபம் நியாயமானது, இன்றும் அதில் மாற்றமில்லை. ஆனாலும் எங்களுக்குச் சில ஆண்டு அவகாசம் கிடைத்தது. எங்களை நம்பிய கடைக்காரருக்கு நாங்கள் ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை.

ப்ரோக்ராம் ஓடிக்கொண்டே இருந்ததுதான் எங்களைக் கெடுத்தது. விபி 6-ல் எழுதியது ஓடத் தேவையான அடிப்படைக் கோப்பு விண்டோஸ் 10, 11 வரை கூடவே வருகிறது. பட்டியல் காட்டுவது போன்ற வேலைகளுக்கான ஓசிஎக்ஸ் கோப்புகள் அப்படி வருவதில்லை. அதனால் கடையில் புது கம்ப்யூட்டர் வாங்கியதும் 'ரன்டைம் எரர் 339' என்று ஒரு பெட்டி வந்து நிற்கும். கோப்பைக் காப்பி செய்து பதிவு செய்தால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை. "தம்பி, பில்லு வர மாட்டேங்குதப்பா" என்று கடைக்காரர் கூப்பிட்டபோது எங்களில் பாதிப் பேர் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருந்தோம். மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன் என்றோம். பேசவில்லை.

2007 ஜனவரி 1-ல் வாட் வந்தபோது ஊரில் இருந்தோம், கடைகடையாக ஓடி மாற்றிக் கொடுத்தோம். 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோதுதான் குட்டு உடைந்தது. வரியை மத்திய, மாநிலப் பங்காகப் பிரித்துக் காட்ட வேண்டும், பொருள்வகைக்கான ஹெச்எஸ்என் எண் போட இடம் வேண்டும். அதற்கு நாங்கள் எழுதிய மூலமான சோர்ஸ் கோட் தேவை. கடைக்காரரிடம் இருந்தது ஓடும் இஎக்ஸ்இ கோப்பு மட்டும். சோர்ஸ், நாங்கள் எப்போதோ ஃபார்மேட் செய்த ஹார்ட் டிஸ்கோடு போய்விட்டிருந்தது. முன்பு அவர் கேட்டபோது "அது எங்க பொழப்பு, தர முடியாதுண்ணே" என்று மறுத்தவர்களும் நாங்கள்தான். மைக்ரோசாஃப்ட் எங்களுக்குச் செய்ததைவிட இது மோசம்.

இதைவிட வலிக்கும் ஒன்று உண்டு. விபி 6-ன் சாதாரணப் பெட்டிகளில் யூனிகோடு தமிழ் வராது. அதனால் பாமினி போன்ற எழுத்துருக்களைப் போட்டுச் சமாளித்தோம். திரையில் 'க' தெரியும், உள்ளே சேமிப்பில் இருப்பது ஆங்கில எஃப். 'ம' என்றால் கே. 'ல' என்றால் ஒய். ஒரு மண்டியில் கம்ப்யூட்டரை மாற்றினார்கள், எழுத்துரு கூடவே போகவில்லை. கமலம் என்ற விவசாயியின் பெயர் இருந்த இடத்தில் எஃப், கே, ஒய், கே, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. அந்த வரிக்கு நேராக முன்பணப் பாக்கி மட்டும் தெளிவாகத் தெரிந்தது. யார் பாக்கி என்று மண்டிக்காரருக்குத் தெரியவில்லை. 2010-ல் தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. அப்போதாவது எழுத்துக்கு எழுத்து ஓர் அட்டவணை போட்டு மாற்றியிருக்கலாம். இரண்டு ராத்திரி வேலை. செய்யவில்லை.

ப்ரோக்ராம் திறக்கும்போது முதலில் வரும் திரையில் எங்கள் பெயரையும் 04322 என்று தொடங்கும் வீட்டுத் தொலைபேசி எண்ணையும் பெரிதாகப் போட்டிருந்தோம். அந்த இணைப்புகளை எப்போதோ சரண்டர் செய்துவிட்டோம். சில கடைகளில் அந்தத் திரை இன்னும் தினமும் காலையில் வந்துவிட்டுப் போகிறது.

அன்று என்னோடு எழுதியவர்களே, அடுத்த முறை ஊருக்கு வரும்போது அந்தக் கடைகளுக்குப் போங்கள். கணக்கு சேமித்திருக்கும் எம்டிபி கோப்பைப் பென்டிரைவில் எடுத்து, பெயர்களை யூனிகோடாக மாற்றி, எக்செலில் திறக்கிற மாதிரி கடைக்காரர் கையில் கொடுங்கள். காசு வாங்காதீர்கள்.