அழுகிற ஆளிட்ட ‘அழுகிறது ஆர்?’ என்று கேட்காதேங்கோ

போன எபிசோட்டில் ‘ஏஐக்கு உணர்வு இருக்கா?’ என்று முக்கால் மணித்தியாலம் கதைத்தோம். அதுக்குப் பிறகு வந்த குரல் செய்திகளில் பாதி ஏஐ பற்றியே இல்லை. “அண்ணா, கடைசியில ‘அவேர்னெஸ்’ எண்டு ஒரு சொல்லைச் சொல்லிட்டு ஓடிட்டீங்கள். அது தியான அப்களில வாற அதே சாமானா?” என்று ஒருவர் கேட்டிருந்தார். ஓம், அதே சாமான்தான். நான் ஓடினதும் உண்மைதான். மைக்குக்கு முன்னால் அதைப் பற்றிக் கதைக்க எனக்குக் கொஞ்சம் வெக்கம். எழுத்தில் முயற்சி செய்கிறேன்.

முதலில் சாமான் என்ன என்று பார்ப்போம். இப்ப இந்த வரியை வாசிக்கிறீங்கள். எழுத்து தெரியுது. எங்கேயோ ஒரு வாகனச் சத்தம் கேக்குது. கழுத்து கொஞ்சம் நோகுது. ‘இது எவ்வளவு நீளம்?’ என்று ஒரு எண்ணம் வருது. எல்லாம் வரும், போகும். நாங்கள் ‘நான்’ என்று சொல்லிக்கொள்வதெல்லாம் இந்த வந்து போகிற பட்டியலில் இருந்து பொறுக்கி எடுத்ததுதான்: பேர், உடம்பு, வேலை, நேற்று மீட்டிங்கில் வாங்கின ஏச்சு. அத்வைதம் சொல்வது, பட்டியலுக்குள்ளே உன்னைத் தேடாதே, பட்டியல் எதுக்குத் தெரியுதோ அதுதான் நீ என்று. அவ்வளவுதான் முழு விஷயமும்.

எங்கட பாஷையில் சொன்னால், லொக் ஃபைலில் ஓடுகிற வரிகளை ‘நான்’ என்று நினைச்சுக்கொண்டிருக்கிறோம். என்னைப் போல கணினி படிச்ச ஆட்கள் இங்கே ஒரு பிழை விடுவோம். உடனே தலைக்குள்ளே ஒரு மேற்பார்வை ப்ரொசஸை ஓட விடுவோம். ‘நான் கவனிக்கிறேன், நான் கவனிக்கிறேன்’ என்று அது சொல்லிக்கொண்டிருக்கும். அதுவும் லொக்கில் இன்னொரு வரிதான். இது விளங்க எனக்கு இரண்டு வருஷம் எடுத்தது.

இந்தக் கேள்வியை ஒரு கருவியாகத் தந்தவர் ரமணர். 1879இல் திருச்சுழியில் பிறந்தவர். 16 வயசில், மதுரையில் சித்தப்பா வீட்டில், திடீரென்று சாவுப் பயம் பிடிச்சு, கீழே படுத்துச் செத்த மாதிரிக் கிடந்து, செத்தால் எது மிஞ்சும் என்று பார்த்தவர். அது 1896. அதே வருஷம் செப்டம்பரில் திருவண்ணாமலைக்குப் போய், 1950இல் இறக்கும் வரை அந்த ஊரை விட்டு வெளிக்கிடவே இல்லை.

எனக்குப் பிடிச்ச பகுதி அதுக்குப் பிறகுதான் வருது. 1902 அளவில் சிவப்பிரகாசம் பிள்ளை என்று ஒருவர் தென்னாற்காடு வருவாய்த் துறையில் வேலை. தத்துவம் படிச்ச பட்டதாரி. அலுவலக வேலையாகத் திருவண்ணாமலைக்கு வந்த இடத்தில், மலையில் இருக்கிற இளம் சாமியைப் பற்றிக் கேள்விப்பட்டு ஏறிப் போகிறார். அவர் கேட்ட முதல் கேள்வி, நான் யார்? ரமணர் அந்தக் காலத்தில் பேசுவதில்லை. எழுதித்தான் காட்டினார். அந்தக் கேள்வி பதில்தான் 1923இல் ‘நான் யார்?’ என்ற சின்னப் புத்தகமாக அச்சில் வந்தது. டியூட்டியில் வந்த ஒரு அரசாங்க உத்தியோகத்தர் கேட்ட கேள்வி, கலிபோர்னியாவில் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கண்ணை மூடுகிற ஆள் வரைக்கும் போயிருக்கு.

போன வழியும் தெரிஞ்சதுதான். ரமணரிட்டப் போன பூஞ்சா பிறகு லக்னோவில் இருந்தார். அவரைத் தேடி நிறைய வெள்ளைக்காரர் போனார்கள். அதில் ஒருவர் சாம் ஹாரிஸ். அவர் பிறகு நேபாளத்தில் திபெத்திய ஆசிரியர்களிட்டயும் படிச்சார், நரம்பியலில் பிஎச்டி எடுத்தார், 2014இல் ‘வேக்கிங் அப்’ என்று புத்தகம் எழுதினார், 2018இல் அதே பேரில் அப் விட்டார். அந்த அப்பில்தான் நானும் தொடங்கினேன். ஒளிக்க ஒன்றும் இல்லை. வீட்டு சாமி அறையில் ரமணர் படம் இருந்தது. விபூதி பூசின, கோவணம் கட்டின ஒரு தாத்தா, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு விளங்கப்படுத்தினது ஒரு அமெரிக்கரின் குரல்.

இதைக் கேட்டவுடன் எங்கட ஆட்கள் சிலருக்கு நெஞ்சு நிமிரும், சிலருக்குக் கோபம் வரும். ‘எங்கட சாமானைக் களவெடுத்து எங்களுக்கே சந்தாவுக்கு விக்கிறாங்கள்.’ இந்தக் கதை எனக்குப் பிடிக்காது. அந்த அப்பில் காசில்லை என்று எழுதிக் கேட்ட ஆட்களுக்கு இலவசமாகவும் தந்திருக்கிறார்கள். அதோட, சாமி அறையில் 30 வருஷம் தொங்கின படத்தை நான் ஒருநாளும் திருப்பிக் கேள்வி கேட்கவில்லை. களவு போகிற அளவுக்கு அது என்னட்ட எப்ப இருந்தது?

என்னுடைய முறைப்பாடு வேற.

இரண்டு வருஷத்துக்கு முன் சித்தப்பா இறந்துபோனார். எட்டுச்செலவு முடிஞ்ச அடுத்த நாள், சித்தி வீட்டுக் குசினியில் தங்கச்சியும் நானும் நிற்கிறோம். தேத்தண்ணிக்குப் பால் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தவள், கதவில் சித்தப்பாவின் இன்சுலின் பேனாக்களைக் கண்டாள். அப்படியே நின்று அழத் தொடங்கினாள். எனக்கு அப்ப அப் ஸ்ட்ரீக் 200 நாளுக்கு மேல். நான் சொன்னேன்: “அழுகிறது ஆர் எண்டு ஒருக்காப் பார். அழுகை வருது, போகும். அதைப் பாக்கிற நீ அழேல்லை.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். “அண்ணா, அப்பா செத்து ஒன்பது நாள். நான் ஆர் எண்டு எனக்குத் தெரியும். நான் அவற்ர மகள்.”

ஃபிரிட்ஜைச் சாத்திப்போட்டு மேல போயிட்டாள். கன மாசம் என்னோட கதைக்கவில்லை.

அந்த மாசங்களில்தான் எனக்கு ஒன்று உறைச்சது. நான் அவளுக்காக அதைச் சொல்லவில்லை. அவள் அழுகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை. சித்தப்பா போனதுக்கு நானும் அழவில்லை. தியானம் கூடினதால் வந்த சமநிலை என்று நினைச்சுக்கொண்டிருந்தேன். அது சமநிலை இல்லை, மியூட் பட்டன். ‘நான் வெறும் விழிப்புணர்வு, என்னை ஒன்றும் தொடாது’ என்ற வசனம், துக்கத்தில் இருந்து தப்பி ஓட மிகவும் வசதியான வாகனம். வேலை போனாலும் ஓடலாம், கலியாணம் முறிஞ்சாலும் ஓடலாம். அம்மா ஃபோனில் “சாப்பிட்டியா?” என்று கேட்பதில் இருந்துகூட ஓடலாம்.

ரமணர் அப்படி ஓடினவர் இல்லை. பையனாக வீட்டை விட்டு வந்தவர்தான். ஆனால் தாய் அழகம்மாள் பிறகு அவரிட்டயே வந்து இருந்தார். 1922 மே 19ஆம் திகதி அந்த அம்மா இறக்கிற நாளில், மகன் ஒரு கையைத் தலையிலும் மற்றக் கையை நெஞ்சிலும் வைத்தபடி பக்கத்தில் இருந்தார். மணித்தியாலக் கணக்காக, கடைசி மூச்சு வரைக்கும். ‘சாகிறது ஆர் எண்டு பார் அம்மா’ என்று வகுப்பு எடுக்கவில்லை. ஆச்சிரமக் குசினியில் விடியப்புறம் எழும்பி மரக்கறி வெட்டினவர். 1948இல் லட்சுமி என்ற பசு செத்தபோது அதுக்குச் சமாதி கட்டுவித்தார். எதுவும் தொடாத ஆள் செய்கிற வேலை மாதிரித் தெரியவில்லை.

கேள்வியையே ஒருக்கால் வடிவாகப் பாருங்கோ. ‘நான் யார்?’ என்பது தன்மையில் இருக்கு. ‘நீ யார்?’ என்று மற்றவரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இல்லை அது. நான் அதை முன்னிலைக்கு மாற்றினேன். அதில்தான் பிழை.

மொழியும் இதில் எங்களுக்கு ஒரு உதவி செய்யுது. ஆங்கிலத்தில் ‘அவேர்னெஸ்’ ஒரு பக்கம், ‘ஃபீலிங்’ இன்னொரு பக்கம். தமிழில் ‘உணர்வு’ என்று சொன்னால் இரண்டும் வரும். சித்தப்பாவுக்காக அழுகிறதும் உணர்வு, அந்த அழுகை தெரிகிறதும் உணர்வு. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடச் சொல் இடம் தராது. ‘அறிவு’ என்ற சொல்லும் அப்படித்தான். இப்ப நாங்கள் அதைப் புத்தி, கெட்டித்தனம் என்ற பொருளில் பாவிக்கிறோம். அதனால்தான் ஏஐ ‘செயற்கை நுண்ணறிவு’ ஆச்சு. ஆனால் தொல்காப்பியத்தில் புல்லுக்கும் மரத்துக்கும் ஓர் அறிவு இருக்கு. தொட்டால் தெரிகிறது என்ற பொருளில். ரமணர் ‘அறிவு’ என்று எழுதுகிறபோதும் கெட்டித்தனத்தைச் சொல்லவில்லை. போன எபிசோட்டில் நாங்கள் இரண்டு அறிவையும் போட்டுக் குழப்பினோம். ஒரு சட்பொட்டிட்ட ‘நான் விழிப்புணர்வே’ என்று எழுதச் சொன்னால் என்னைவிட வடிவாக எழுதித் தரும். அந்த வசனத்தை அச்சொட்டாகச் சொல்கிறதும் அதைக் கண்டதும் ஒன்றில்லை என்பதுக்கு அதைவிட வேற சாட்சி வேண்டாம்.

எனக்கு இருக்கிற மற்றச் சண்டை, இரண்டு புல் ரிக்வெஸ்டை ஒன்றாக மேர்ஜ் பண்ணுகிற ஆட்களோட. முதலாவது: ‘உன் அனுபவத்துக்குள்ளே தேடினால் நான் என்று ஒரு தனி ஆள் அகப்படாது, தெரிதல் மட்டும்தான் இருக்கும்.’ இதை ரெஸ்ட் பண்ணலாம். டக்ளஸ் ஹார்டிங் என்ற ஆங்கிலேயரிட்ட இருந்து வந்த ஒரு சின்னப் பரிசோதனை இருக்கு. விரலால் சுவரைக் காட்டு, காலைக் காட்டு, பிறகு உன் முகம் இருக்க வேண்டிய இடத்தைக் காட்டு. விரல் காட்டுகிற இடத்தில் உண்மையில் என்ன தெரியுது? இரண்டு நிமிஷம் காணும், காசும் இல்லை. பஸ்ஸில் செய்யாதேங்கோ.

இரண்டாவது: ‘ஆகவே இந்தப் பிரபஞ்சமே விழிப்புணர்வால் செய்யப்பட்டது.’ இதுக்கு ரெஸ்ட் எங்கே? 1995இல் டேவிட் சால்மர்ஸ், மூளை எப்படி வேலை செய்யுது என்று முழுக்கச் சொன்னாலும் ஏன் உள்ளுக்குள் ஒரு அனுபவம் இருக்கு என்ற கேள்வி மிஞ்சும் என்று எழுதினார். அந்த ஓட்டைக்குள்ளே இப்ப எல்லாரும் தங்கட தங்கட சாமியைத் தள்ளுகிறார்கள். ஒரு பக்குக்குக் காரணம் தெரியவில்லை என்பதால் கேர்னல்தான் பிழை என்று ஆகாது. நான் முதலாவதை ஏற்றுக்கொண்டேன். இரண்டாவது இன்னும் ரிவியூவில் கிடக்கு.

இதை எழுதும்போது, சனிக்கிழமைக் கோயில் வகுப்பில் எங்களுக்குச் சைவம் படிப்பிச்ச ரீச்சர் ஞாபகம் வாறா. பதி, பசு, பாசம். பாடமாக்கி ஒப்புவிச்சு பிஸ்கட் வாங்கினோம், ஒன்றும் விளங்கவில்லை. இப்பதான் தெரியுது, நாங்கள் படிச்சது அத்வைதத்தோட சண்டை பிடிக்கிற பாடம். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் 12 சூத்திரத்தில் சிவஞானபோதம் செய்தார். அந்தச் சித்தாந்தப்படி உயிர் சிவன் ஆகாது. சேர்ந்திருக்கும், பிரிக்க முடியாது, ஆனால் ஒரே பொருள் இல்லை. ‘அத்துவிதம்’ என்ற சொல்லுக்கே அவர்கள் தருகிற பொருள் அதுதான்.

அதில் ஒரு கருத்து எனக்குப் பெரிய அப் விளம்பரங்களை எல்லாம் விடக் கூர்மையாகப் படுது. உயிர், தான் சார்ந்ததன் நிறத்தை எடுக்கும். பளிங்கு, பக்கத்தில் இருக்கிற நிறத்தைக் காட்டுகிற மாதிரி. ராத்திரி ஒரு மணிக்கு ஃபீடைத் தள்ளிக்கொண்டு கிடந்து, நிமிரும்போது நான் யாரோ ஒரு கோபக்காரனாக மாறியிருப்பேன். ‘நீ ஏற்கெனவே பூரணம்’ என்று அத்வைதம் சொல்லும். சித்தாந்தம், ‘ஓமோம், ஆனா நீ எதோட ஒட்டிக்கொண்டு இருக்கிறாய்?’ என்று கேட்கும். கண்ணுக்குப் பார்வை இருந்தாலும் பார்க்க வெளிச்சம் வேணும் என்பது அவர்களின் வாதம். யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஃபோனைக் குசினியில் வைத்துவிட்டுப் படுக்கிறேன், அது சித்தாந்தத்தால் வந்த பழக்கம்.

அத்வைதத்தால் வந்ததும் ஒன்று இருக்கு. கொன்ராக்ட் வேலையில் ஆறு மாசத்துக்கு ஒருக்கால் என் மின்னஞ்சல் முகவரி, பதவி, பாஸ் எல்லாம் அழிஞ்சுபோகும். முந்தி ஒவ்வொரு தரமும் நெஞ்சு அடைக்கும். லிங்க்ட்இன் தலைப்பை நாளுக்கு நாலு தரம் மாற்றுவேன். இந்தப் பங்குனியில் ஒரு கொன்ராக்ட் பாதியில் நின்றது. பயம் வந்தது. நல்லாகவே வந்தது. வாடகை கட்ட வேணும். ஆனால் பயம் வந்தது என்பது தெரிஞ்சது. அது தெரிகிற இடத்தில் வாடகைப் பிரச்சினை இல்லை. பத்து செக்கன் இருக்கும். பிறகு எழும்பி ரெஸ்யூமே திருத்தினேன்.

தங்கச்சியோட எப்படிக் கதை வந்தது என்றால், சித்தப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு முதல் நாள் போனேன். சாமான் வாங்கிக் குடுத்தேன், வெங்காயம் உரிச்சேன், வாயைத் திறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவள் சித்தப்பா கார் ஓடப் பழக்கின கதை சொல்லத் தொடங்கினாள். ஹைவேயில் 60இல் போனவராம், பின்னால வந்த லொறிக்காரன் ஹோர்ன் அடிக்க, கண்ணாடிக்குள்ளால கையெடுத்துக் கும்பிட்டவராம். சிரிச்சுக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன். வெங்காயம் என்று சொன்னேன், நம்பவில்லை.

இந்தக் கட்டுரையை அனுப்பி, போடலாமா என்று கேட்டேன். “போடு. என்ர பேர் வேண்டாம். அந்த அப்பை மட்டும் எனக்கு அனுப்பு, நித்திரை வருதில்லை” என்று பதில் வந்தது. அனுப்பியிருக்கிறேன். விளக்கம் ஒன்றும் எழுதவில்லை.