வாசல் வரைக்கும்தானா பறை?



கணபதியைக் கரைத்தாயிற்று. இனி நவராத்திரி, தீபாவளி, டிசம்பர் இசை விழாக்கள், பொங்கல் என்று புனே நகரத்துக்கு ஓய்வே கிடையாது. கட்கியிலும் தேகு ரோடிலும் கோர்ப்படியிலும் எரவாடாவிலும் பொங்கல் விழாக் குழுக்கள் கூடத் தொடங்கிவிட்டன. ரசீதுப் புத்தகங்கள் அச்சுக்குப் போய்விட்டன. எங்கே நாலு தமிழர் கூடினாலும் ஒரே கேள்வி: “இந்த வருஷம் பொங்கலுக்கு யார் வருகிறார்?”

கேள்வியைக் கவனியுங்கள். யார் ஆடப் போகிறோம், யார் பாடப் போகிறோம், நம் பிள்ளைகள் என்ன நாடகம் போடப் போகிறார்கள் என்று கேட்பாரில்லை. எந்தச் சினிமா நடிகர், எந்தத் தொலைக்காட்சிப் பாடகர், எந்த நகைச்சுவைப் பேச்சாளர் வருகிறார் என்பதே பேச்சு! வருகிறவர் விமானத்தில் வருவார், பெரிய ஓட்டலில் தங்குவார், இரண்டு மணி நேரம் மேடையில் நிற்பார், மறுநாள் போய்விடுவார். அந்த இரண்டு மணி நேரத்துக்காகக் கட்டட வேலை செய்யும் தகப்பனும், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் தாயும் ஒரு நாள் கூலியை ரசீதுக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தவர்கள் கடைசி வரிசையில் நிற்க வேண்டும். முன்வரிசை சோபாவில் நன்கொடைப் பிரமுகர்கள் அமர்வார்கள்.

இந்த வழக்கம் இந்தப் பொங்கலோடு முடிய வேண்டும் என்கிறோம். ஏன் என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம்.

வாசலில் நடந்தது

சில வருஷங்களுக்கு முன்பு நகரில் ஒரு பொங்கல் விழா. எந்த அமைப்பு என்று எழுதப் போவதில்லை. பெயரைச் சொன்னால் சண்டை பெயரோடு நின்றுவிடும். நோய் அப்படியே இருக்கும். சிறப்பு விருந்தினரை வரவேற்கப் பறை வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். நம் குடிசைப் பகுதிப் பையன்கள் ஏழெட்டுப் பேர் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தார்கள். ஓரமாக நெருப்பு மூட்டிப் பறையைக் காய்ச்சினார்கள். விருந்தினரின் கார் வரத் தாமதம். இரண்டு மணி நேரம் தெருவில் நின்று அடித்தார்கள். கார் வந்தது, மாலை விழுந்தது, படம் எடுத்தார்கள். மண்டபத்து வாசலோடு பறை நின்றது.

“மேடையிலே பத்து நிமிஷம் கொடுங்கண்ணே, ஆட்டத்தோட அடிச்சுக் காட்டுறோம்” என்று அவர்களில் மூத்தவன் கேட்டான். “நேரமில்லை தம்பி, புரோகிராம் புல்” என்றார் குழுக்காரர் ஒருவர். பக்கத்தில் நின்றவர் தணிந்த குரலில், “நல்ல நாளும் அதுவுமா சாவு மேளத்தை மேடையிலே ஏத்தறதா?” என்றார். தணிந்த குரல்தான், ஆனால் பையன்களுக்குக் கேட்டது. எங்களுக்கும் கேட்டது. விழா கெட்டுவிடக் கூடாது என்று நாங்கள் வாயைத் திறக்கவில்லை. அது எங்கள் குற்றம். அதை முதலில் ஒப்புக்கொள்கிறோம்.

திரும்பி வரும்போது பஸ் நிறுத்தத்தில் பதினைந்து வயதுப் பையன் ஒருவன் கேட்டான்: “அப்ப நாம வாசல் வரைக்கும்தானாண்ணே?”

பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. அவன் அதற்குப் பிறகு பறையைத் தொடவில்லை. இப்போது கணபதி ஊர்வலத்தில் மராட்டியப் பையன்களோடு சேர்ந்து டோல் அடிக்கிறான்.

ஊரே அடிக்கிறது

அவனைக் குறை சொல்ல முடியுமா? கணபதிக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே இந்த ஊர் ஆற்றங்கரையில் டோல்-தாஷா குழுக்கள் பயிற்சி எடுப்பதைப் பார்க்கிறோம். என்ஜினீயரும் பேங்க் ஊழியரும் கல்லூரிப் பெண்களும் இடுப்பில் டோலைக் கட்டிக்கொண்டு அடிக்கிறார்கள். நம்மவர்களும் ரோட்டோரம் நின்று செல்போனில் படம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். மராட்டியர் தோலை அடித்தால் பண்பாடு, நம் பிள்ளை அடித்தால் சாவு மேளமா?

பறைக்கு உடன்பிறப்பு இந்த மண்ணிலேயே இருக்கிறது. மராட்டியத்தில் அதற்கு ஹல்கி என்று பெயர். அதே வட்டச் சட்டம், அதே தோல், அதே இரண்டு குச்சி. அதை அடித்து வந்தவர்கள் மாங் சாதியார். அவர்களும் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்தாம். அந்தச் சாதியில் 1920இல் பிறந்தவர் அண்ணாபாவ் சாட்டே. பள்ளிக்கூடம் அவரைச் சேர்த்து வைத்துக்கொள்ளவில்லை. பிழைப்புத் தேடிக் கிராமத்திலிருந்து பம்பாய்க்குப் போய் மில்லில் வேலை பார்த்தார். 1944இல் அமர் ஷேக், கவாண்கர் ஆகிய தோழர்களோடு சேர்ந்து ‘லால் பாவ்டா கலாபதக்’ என்னும் செங்கொடிக் கலைக்குழுவை அமைத்தார். நாகரிகக்காரர்கள் முகம் சுளித்த தமாஷாக் கூத்தையே எடுத்து, அதில் தொழிலாளியின் கூலியையும் பசியையும் பேச வைத்தார். 2022இல் மாஸ்கோ நகரில் அவருக்குச் சிலை திறந்தார்கள். கூத்தை விட்டு ஓடி உயர்ந்தவர் அல்லர் அவர். கூத்தைத் தூக்கிப் பிடித்து உயர்ந்தவர்.

வந்தவர் வைத்த விழா

“பிழைக்க வந்த ஊரில் நாம் என்ன கலை வளர்ப்பது?” என்று கேட்கும் நண்பர்களுக்கு இன்னொன்று சொல்வோம். டிசம்பரில் புனேயில் நடக்கப் போகும் பெரிய இசை விழா சவாய் கந்தர்வ விழா. நாடெங்கும் இருந்து பாடகர்கள் வருகிறார்கள். அதைத் தொடங்கியவர் யார்? கர்நாடகத்துக் கதக் பக்கத்திலிருந்து இங்கே வந்து குடியேறிய பீம்சேன் ஜோஷி. சிறுவனாக வீட்டை விட்டுக் கிளம்பி, டிக்கெட் இல்லாமல் ரயிலேறிக் குருவைத் தேடி அலைந்தவர். (டிக்கெட் பரிசோதகர்களான நம் தோழர்கள் மன்னிக்கட்டும்!) குரு சவாய் கந்தர்வர் 1952இல் மறைந்தார். அடுத்த ஆண்டே அவர் நினைவாக விழாவைத் தொடங்கினார் சீடர். குருவும் கன்னட நாட்டவர், சீடரும் கன்னட நாட்டவர். இன்று அது புனேயின் சொந்த விழா.

பிழைக்க வந்தவர் தம் ஆசானை இந்த ஊரின் முன் நிறுத்தினார், ஊர் ஏற்றுக்கொண்டது. நாம் யாரை நிறுத்துகிறோம்? சென்னை ரயில்வேயும் இந்தப் பக்கத்து ஜி.ஐ.பி. ரயில்வேயும் 1871இல் ராய்ச்சூரில் கைகோத்தன. அந்தத் தண்டவாளத்தின் வழியேதான் நம் முன்னோர் பலர் பட்டாளத்துக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கும் ரயில்வேக்கும் வந்தார்கள். நூற்றைம்பது வருஷம் கழிந்தும் நம் மேடைக்கு ஆள் சென்னையிலிருந்துதான் இறங்க வேண்டுமா?

தமிழ்நாடே திருந்துகிறது

அந்தச் சென்னையிலாவது என்ன நடக்கிறது என்று பார்க்கிறோமா? கச்சேரி மேடையில் தமிழ்ப் பாட்டைத் துக்கடாவாகத் தள்ளிவிட்டார்களே என்று பொங்கி எழுந்துதான் 1943இல் தமிழிசைச் சங்கம் கண்டார்கள். அந்த வரலாற்றை நம் விழாத் தலைவர்கள் மைக்கைப் பிடித்து முழங்குவார்கள். முழங்கிவிட்டு, பறைக்குத் துக்கடா இடமும் கிடையாது என்பார்கள்!

2007இல் சென்னை சங்கமம் என்று கிராமியக் கலைகளைப் பூங்காவுக்கும் கடற்கரைக்கும் கொண்டு வந்தார்கள். இடையில் நின்றுபோன அந்த விழாவை 2023 பொங்கலிலிருந்து அரசு மறுபடியும் நடத்தத் தொடங்கியது. 2015இல் பெசன்ட் நகர் அருகே ஊரூர் ஆல்காட் குப்பத்தில், மீனவர் தெருவிலேயே எல்லாக் கலைக்கும் ஒரே மேடை போட்டார்கள். 2020 டிசம்பரில் ‘மார்கழியில் மக்களிசை’ தொடங்கி, சபாக்களின் மாதத்தில் கானாவும் பறையும் ஒலித்தன. 2025இல் மதுரைப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவித்தார்கள். அதே பட்டியலில் தெருக்கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தனும் இருக்கிறார். புரிசை எங்கே இருக்கிறது? செய்யாறு பக்கம். நம்மில் எத்தனை குடும்பங்களுக்கு அந்த வட ஆற்காட்டுச் சீமை சொந்த ஊர்! டெல்லி கண்ட கலை, நம் கமிட்டிக்காரர்கள் கண்ணில் மட்டும் படவில்லை.

அவர்கள் சொல்லும் சாக்குகள்

“சாவு மேளம்” என்கிறார்கள். ஐவகை நிலத்துக்கும் உரிய கருப்பொருள்களில் பறையையும் சேர்த்துச் சொல்கிறது தொல்காப்பியம். உழவுக்கும் போருக்கும் விழாவுக்கும் ஒலித்த கருவியைச் சாவுக்கு மட்டும் என்று ஒதுக்கியது சாதி. ஒரு சாதியை இழவு வீட்டில் வலுக்கட்டாயமாக அடிக்க வைத்ததும், நல்ல நாளில் மேடை ஏறாதே என்று தடுப்பதும் ஒரே கைதான். நம் பறைக் குடும்பங்களிலேயே, “என் மகன் இதைத் தொட வேண்டாம், பட்ட அவமானம் போதும்” என்று சொல்லும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் கோபம் நியாயமானது. அவர்களிடம் நாங்கள் சொல்வது: இனி அடிமைச் சேவகமாக யாரும் அடிக்க வேண்டாம், கலையாக, கூலி பெற்று, மேடையில் அடிக்கட்டும். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் பழகட்டும். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் பெண்களே பறை அடித்து ஆடுகிறார்கள்.

“நடிகர் வராவிட்டால் கூட்டம் வராது” என்கிறார்கள். தன் மகள் மேடை ஏறுகிறாள் என்றால் எந்தத் தாய் வராமல் இருப்பாள்? நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் மராட்டி, இங்கிலீஷ் பள்ளிகளில் படிக்கிறார்கள். தமிழ் எழுத்துக்கூட்டத் தடுமாறுகிறார்கள். ஒரு நாடகத்துக்கு ஒரு மாதம் ஒத்திகை பார்த்தால் ஒரு மாதம் தமிழ் பேசுவார்கள். நடிகரைப் பார்த்துக் கைதட்டுவதில் எந்தப் பிள்ளைக்குத் தமிழ் வரும்?

“மராட்டியர் என்ன நினைப்பார்கள்?” என்கிறார்கள். இந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. 1966இல் சிவசேனை தோன்றிய பிறகு பம்பாயில் தென்னாட்டவர் அடிபட்டதைக் கேட்டு நம் பெரியவர்கள் மண்டபத்துக்குள் ஒடுங்கிக்கொண்டார்கள். ஆனால் பொங்கலன்றுதான் பக்கத்து வீட்டு மராட்டியத் தாய் எள்ளுருண்டை கொடுத்து இனிமையாகப் பேசச் சொல்கிறாள். தேகு ரோடில் 1954 டிசம்பர் 25இல் அம்பேத்கர் புத்தர் சிலையை நிறுவினார். அந்த நாளைக் கொண்டாடுகிறவர்களும் நாமும் ஒரே தெருக்காரர்கள்தாம். ஹல்கி அடிப்பவரைப் பறை அடிப்பவர் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை.

நாங்கள் கேட்பவை

வரும் பொதுக்குழுவில் ஐந்து கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று: சினிமா விருந்தினருக்கு விழாப் பணத்தில் ஒரு பைசா கூடாது. அந்தப் பணம் நம் கலைஞர்களுக்குக் கூலியாகவும் பிள்ளைகளின் நாடகச் செலவாகவும் போகட்டும்.

இரண்டு: பொங்கல் மேடை பறையோடு தொடங்க வேண்டும். யாரையும் வரவேற்க வாசலில் பறை வேண்டாம்.

மூன்று: சோபா வேண்டாம். முன்னால் ஜமக்காளம் விரித்துக் குழந்தைகளையும் முதியோரையும் உட்கார வையுங்கள்.

நான்கு: அன்று சமையல், பரிமாறல் ஆண்கள் பொறுப்பு. வருஷா வருஷம் அடுப்படியிலிருந்து காதால் மட்டும் விழாவைக் கேட்ட பெண்கள் இந்த முறை கண்ணால் பார்க்கட்டும், மேடையும் ஏறட்டும்.

ஐந்து: ஹல்கி, பவாடா கலைஞர்களை அழைக்க வேண்டும். வரவு செலவை அந்த மேடையிலேயே வாசிக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை. மனம்தான் வேண்டும். தோழர்களே, பொதுக்குழுவுக்கு ஆண்கள் மட்டும் வந்து கையைத் தூக்கிவிட்டுப் போகாதீர்கள். வீட்டிலுள்ள பெண்களையும் வயது வந்த பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். ரசீதுக்குப் பணம் கொடுத்த ஒவ்வொருவருக்கும் கேட்கும் உரிமை உண்டு.

பஸ் நிறுத்தத்தில் அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு நாங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. அவனையும் பொதுக்குழுவுக்கு அழைத்திருக்கிறோம். நீங்கள் தூக்கும் கைதான் அவனுக்குப் பதில்.