சிறு விமானமும் சிறுவர் கையும்

யூபிலி மலர்களிலே கட்டடம், விளையாட்டரங்கு, பரீட்சைப் பெறுபேறு ஆகியன பற்றி எழுதுவோர் பலர். நாமோ ஒரு சாண் நீளமுமில்லாத ஒரு பொருளைப் பற்றி எழுத முற்படுகின்றோம். அது சிறு விமானத்தின் மாதிரியுரு. மாணவர் தம் கையாற் செய்து வர்ணந் தீட்டும் இத்தகைய உருக்களுக்கு நமது கல்லூரியிலே ஒரு மேசையேனும் ஒதுக்கப்படல் வேண்டும். அம்மேசையில் முதலில் உருவாவன போர் விமானங்களாயிராது, கடிதமும் மனிதரும் சுமந்த சிவில் விமானங்களாயிருத்தல் வேண்டும். இதுவே நமது கருத்து.

வெள்ளவத்தையிலிருந்து காலி வீதி வழியே தெற்கு நோக்கிச் செல்வோர், தெகிவளையையும் கல்கிசையையும் கடந்து இரத்மலானையை அடைவர். 1935 நவம்பர் 27 இல் அங்குள்ள தளத்திலே முதன்முதல் இறங்கியது போர் விமானமன்று. சென்னையிலிருந்து வந்த ‘புஸ் மொத்’ என்னும் சிறு விமானமே. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1932 ஒக்டோபர் 15 இல், ஜே. ஆர். டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு பறந்ததும் இவ்வகை விமானத்திலேதான். பின்னர், 1947 டிசெம்பர் 10 இல், ஏயர் சிலோன் நிறுவனத்தின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணத்துக்கும் சென்னைக்கும் வழி திறந்தது. இங்ஙனம் நமது வானத்துக்கு முதலில் வந்த விருந்தினர், கடிதமும் உறவினரும் கொண்டு வந்தவரேயாவர்.

ஆயினும், நம்மவருள் எத்தனை பேருக்கு விமானவொலி இந்நினைவைத் தருகின்றது? போர்க்காலத்தில் வடக்கிலே வளர்ந்த பிள்ளைகள் அவ்வொலி கேட்டதும் பதுங்குகுழியை நோக்கி ஓடினர். அவர்களிற் சிலர் பின்னர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் குடியேறி, இன்று நம் மாணவரின் பெற்றோராயுள்ளனர். 1983 யூலைக் கலவரத்திலோ இரத்மலானைத் தளத்து விமானக் கொட்டகையே வீடிழந்த நம்மவருக்கு ஒதுங்கிடமாயிற்று. இவை மறக்கத்தக்கனவல்ல, மறக்குமாறு நாம் கூறவுமில்லை. எனினும், 2009 இன் பின் பிறந்த பிள்ளைக்கு விமானத்தின் கதையை அச்சத்திலிருந்தே தொடங்கிக் கூறுதல் முறையன்று. 2019 இலே பலாலித் தளம் யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டு, சென்னையிலிருந்து சிறு பயணிகள் விமானம் மீண்டும் வந்திறங்கியது. கதையின் முதலும் அதன் தொடர்ச்சியும் அவன் கையில் உருப்பெறட்டும்.

“போர் விமானமே அழகுடையது, கடைகளிற் பெட்டியாகக் கிடைப்பதும் அதுவே” என்பாருமுளர். கிடைப்பது உண்மையே. ஏர்பிக்ஸ் நிறுவனம் 1950களில் முதன்முதல் வெளியிட்ட விமானப் பெட்டியும் ஸ்பிட்பயர் என்னும் போர் விமானமே. ஆனால், செய்து பார்த்தவர் ஒன்றை அறிவர். போர் விமானத்தின் மங்கிய பச்சையும் மண்ணிறமும் செய்பவனின் பிழைகளை மறைத்துவிடும். சிவில் விமானத்தின் பளபளப்பான வெள்ளையும் மஞ்சளும் எதனையும் மறைக்கமாட்டா. ஒட்டிய இடத்திற் சிறு பள்ளமிருந்தாலும், ஒரு தூசி படிந்தாலும், அது பார்ப்பவர் கண்ணிற் படும். மாரிக்காலத்தில் ஒரு முறை நாம் அவசரப்பட்டு வெள்ளை பூசினோம். ஈரக்காற்றால் அது மறுநாட் காலையிலே சாம்பல் பூத்தாற்போல மங்கிக் கிடந்தது. முழுவதையும் அரத்தாளால் தேய்த்துத் தொடக்கத்திலிருந்து பூச வேண்டியதாயிற்று. தடிப்பாக ஒருமுறை பூசுவதிலும், மெல்லியதாகப் பலமுறை பூசி, ஒவ்வொரு பூச்சும் உலருமட்டும் காத்திருப்பதே நன்று என்பதை அந்த நாள் நமக்குக் கற்பித்தது.

பெட்டி கிடையாவிடின் அதுவும் நன்மையே. புஸ் மொத்தின் இறக்கை அகலம் 36 அடி 9 அங்குலம். எழுபத்திரண்டில் ஒரு பங்காகக் குறைத்தால் ஆறேயரைக்கால் அங்குலம். இக்கணக்கைப் பலகையில் எழுதிக் காட்டினால் கொட்டாவி விடும் மாணவன், பால்சா மரத்தை வெட்டுமுன் அதனை மும்முறை சரிபார்ப்பான். உருக்குக் குழாய்ச் சட்டத்தின்மேற் சீலை போர்த்த அதன் உடலையும், தரிப்பிடத்தைச் சுருக்கும் பொருட்டுப் பின்னோக்கி மடியும் இறக்கைகளையும் கண்டு, “ஏன் இவ்வாறு அமைத்தனர்?” எனத் தானே வினவுவான். அவ்வினாவே விஞ்ஞானத்தின் வாயில்.

“பிள்ளைகளுக்கு நேரமேது?” என்பது பெற்றோர் கேட்கும் கேள்வி. அது நியாயமானது. பாடசாலை விட்டதும் தனியார் வகுப்பு, அது முடிந்ததும் வேறொரு வகுப்பு என அவர்கள் நாள் கழிகின்றது. ஆனால், அவ்வகுப்புகளில் எல்லாம் விடை முன்னரே ஒருவரிடம் உள்ளது. மாதிரியுருவிலோ பிழையும் பிள்ளையுடையது, திருத்தமும் பிள்ளையுடையது. தன் பிழையைத் தானே கண்டு, பிறர் ஏவாமல் திருத்தும் பழக்கத்தை எந்தக் குறிப்புப் புத்தகமும் தந்ததாக நாமறியோம். வாரத்தில் இரண்டு மணி நேரம் இதற்குப் பெருவிலையன்று.

ஆகவே, பழைய மாணவராகிய நாம் இந்த யூபிலி ஆண்டிலே ஒரு நீண்ட மேசையும், சில கூர்ங்கத்திகளும், தூரிகைகளும், பால்சா மரமும், வர்ணமும் வழங்குவோமாக. துறைமுகத்தருகே வளரும் கொட்டாஞ்சேனைப் பிள்ளையும், இரத்மலானைக்கு அண்மையில் வாழும் வெள்ளவத்தைப் பிள்ளையும் அம்மேசையில் அருகருகே அமரட்டும். முதலில் அவர்கள் செய்வது 1935 இல் வந்திறங்கிய அந்தப் புஸ் மொத்தாக இருக்கட்டும். அது கல்லூரி நூலகத்தில் ஒரு கண்ணாடிப் பேழையிலே வீற்றிருக்கும் நாளில், வானத்தைக் கண்டு அஞ்சிய தந்தையொருவர் தம் மகனுடன் அதன்முன் நின்று, “இது என்ன விமானம்?” என வினவுவார். மகன் விடை கூறுவான்.